கல்யாணப் படத்து மரம்

லாபிஸ்
9.3.2025

அன்புத் தங்கை புனிதாவுக்கு அண்ணன் சதாசிவம் எழுதுவது. நானும் உன் அண்ணி ராஜம்மாவும் சுகமாக இருக்கிறோம். மகள் ஷாமளாவுக்கு ஏழாம் மாதம் பிறந்துவிட்டது. கல்யாணமாகி இத்தனை வருஷம் கழித்து நம் அம்மன் கண் திறந்திருக்கிறாள். நீயும் மாப்பிள்ளை ஹேமநாதனும் நலம் என்றே நினைக்கிறேன்.

இந்தக் காலத்தில் கடிதமா என்று சிரிக்காதே. கோயில் கமிட்டியின் வாட்ஸ்அப் குரூப்பில் காலையில் போட்டது சாயங்காலம் கம்பெனி ஆபீசில் இருக்கிறது. போனில் பேசலாம் என்றால் என் காது உனக்குத் தெரியும். நீ கத்துவது பக்கத்து வீடு வரை கேட்கும்.

விஷயத்துக்கு வருகிறேன். தோட்டத்தை வாங்கிய புதுக் கம்பெனி மில் லோரிகளுக்குப் பாதை போடப்போகிறது. பாதை நேராகக் கோயில் மேல் வருகிறது. கோயில் தூங்குமூஞ்சி மரத்தை வெட்டிவிட்டு, அம்மனுக்குப் பெரிய ரோட்டோரம் இடம் தருகிறார்களாம். ரப்பரை அழித்து எண்ணெய்க்குச் செம்பனை நட்ட பிறகு வந்த கோயில் என்பது அவர்கள் வாதம். ரப்பர் காலத்திலேயே இருந்தது என்று நாம் காட்டினால் பாதையை வளைத்துக்கொள்வார்கள். ஜூன் பன்னிரண்டாம் தேதி மாவட்ட அதிகாரி விசாரிக்கிறார்.

அதற்கு நம்மிடம் இருப்பது ரப்பர் காலத்தில் எடுத்த அம்மா அப்பா கல்யாணப் படம் ஒன்றுதான். மரத்தடியில் இருவரும் நிற்கிறார்களே, அதுதான். சிங்கப்பூருக்கு வேலைக்கு வந்துபோகிற வேலுவின் காரில் கொடுத்தனுப்புகிறேன். நீ பழைய படங்களைப் பார்த்துச் சரிசெய்கிற வேலையில் இருக்கிறவள். படத்திலிருப்பது நம் கோயில் மரம்தான் என்று அலுவலகத் தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடு. உன் பெயர் மாப்பிள்ளை பெயரோடு இருப்பதால் நீ என் தங்கை என்று யாருக்கும் தெரியாது. விசாரணை முடியும்வரை இந்தப் பக்கம் வராதே.

படத்தைப் பார்த்து வை. விளக்கேற்றும்போது சுவர் காலியாக இருப்பது உன் அண்ணிக்குப் பிடிக்கவில்லை.

உன் அண்ணன்,
சதாசிவம்


சிங்கப்பூர்
24.3.2025

அன்புள்ள அண்ணனுக்குப் புனிதா வணக்கம் சொல்லி எழுதுவது. உங்கள் கடிதமும் படமும் பத்திரமாக வந்தன. இங்கே நாங்கள் சுகம். உங்களுக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறதா? ஷாமளாவை அதிகம் கார் ஓட்ட விடாதீர்கள். சிம்பாங் ரெங்கத்தில் அவர்கள் வீட்டிலிருந்து கிளினிக்குக்கு உங்கள் மாப்பிள்ளையே கூட்டிப்போகட்டும்.

படத்தை மேசையில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தேன். சின்ன வயதில் இதை அண்ணாந்துதான் பார்த்திருக்கிறோம், இவ்வளவு கிட்டத்தில் பார்த்ததில்லை. கண்ணாடியின் உட்பக்கம் நான்கு ஓரத்திலும் ரோஜாவும் கொடியும் வரைந்திருக்கிறார்கள். அந்தக் காலத்துச் சீனத் தவ்கே முதலாளியின் பிரேம் கடை வேலை. படத்தின் ஓரமெல்லாம் அந்தக் கொடிக்குக் கீழே போய்விட்டது. தெரிவது அம்மா, அப்பா, பின்னால் கொஞ்சம் அடிமரம், கொஞ்சம் இலை. நம் ஊர் ஈரத்தில் படம் கண்ணாடியோடு ஒட்டியும் போயிருக்கிறது.

சில கேள்விகள், கோபிக்காமல் பதில் எழுதுங்கள். இந்தப் படம் கல்யாணத்தன்று எடுத்ததா, பிறகு எடுத்ததா? எடுத்தது யார்? மரத்தடியில் எடுத்தது என்று அம்மா தன் வாயால் சொல்லியிருக்கிறாளா, நாமாக நினைத்துக்கொண்டதா?

மரத்தைப் பற்றி இப்போது எதுவும் எழுதவில்லை. இன்னும் கொஞ்சம் பார்க்க வேண்டும். அதுவரை கமிட்டியில் இந்தப் படத்தைப் பற்றி அதிகம் பேசாதீர்கள்.

அண்ணிக்கு என் அன்பு.
தங்கை புனிதா


லாபிஸ்
2.4.2025

புனிதாவுக்கு அண்ணன் ஆசியுடன் எழுதுவது. எல்லாரும் நலம். சர்க்கரை ஏறினால் அது உன் கேள்விகளால்தான்.

கல்யாணம் கோயில் மரத்தடியில் நடந்தது. கல்யாணப் படத்தில் மரம் இருக்கிறது. வேறு எந்த மரத்தடியில் போய் நிற்பார்கள்? இதை அம்மா தனியாக வேறு சொல்ல வேண்டுமா? நீ ஆபீஸ் புத்தியை வீட்டுக்குள் கொண்டுவராதே.

பேசாதே என்கிறாய். பேசி முடித்தாகிவிட்டது. போன ஞாயிறு கமிட்டி கூடியது. செயலாளர் மனோகரனுக்கு ரோட்டோர இடத்தின் மேல் கண். அங்கே போனால் டைல்ஸ் போட்டுப் பெரிய மண்டபம் கட்டலாம் என்று கனவு. எல்லார் முன்னாலும் எழுந்து, "என்னாண்ணே, சும்மா படம் படம்னு சொல்றீங்க. அது நம்ம மரம்னு எப்படிலா நம்புறது?" என்றான். பின்னால் இரண்டு பேர் சிரித்தார்கள்.

எனக்கு ரத்தம் தலைக்கேறிவிட்டது. நேராக அம்மன் முன்னால் போய்க் கற்பூரத்தை ஏற்றினேன். "எங்கம்மாவும் அப்பாவும் நின்னு படம் எடுத்தது இந்த மரத்தடியிலதான். பொய்யா இருந்தா, என் மக வயித்துல இருக்கிறது எங்களுக்கு இல்ல" என்று சொல்லி உள்ளங்கையால் அடித்து அணைத்தேன். மனோகரன் அடுத்த விஷயத்துக்குத் தாவிவிட்டான்.

ஆகவே கேள்வி போதும். சீக்கிரம் எழுதி அனுப்பு.

அண்ணன்,
சதாசிவம்


சிங்கப்பூர்
29.4.2025

அன்புள்ள அண்ணனுக்கு, புனிதா. நீங்கள் எல்லாரும் நன்றாக இருக்க வேண்டும் என்று தினமும் வேண்டிக்கொள்கிறேன். இந்தத் தடவை அதை வழக்கத்துக்காக எழுதவில்லை.

உங்கள் கடிதம் வந்து நாளாகிவிட்டது. பதில் எழுத உட்காருவேன், கற்பூரம் அடித்ததாக நீங்கள் எழுதிய வரிக்கு வந்ததும் எழுந்துவிடுவேன். ஏன் அண்ணா? உங்கள் தலைமேல் அடித்திருக்கக் கூடாதா? எதற்கு ஷாமளாவை இழுத்தீர்கள்?

சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். படத்தில் இருப்பது மரம் இல்லை. துணியில் வரைந்த மரம். அந்தக் காலத்தில் படம் எடுப்பவர்கள் பின்னால் தொங்கவிடுவார்களே, அந்தத் திரை.

நம் தூங்குமூஞ்சி மரத்து இலை பொடிப்பொடியாக, புளிய இலைபோல இருக்கும். இதில் இருப்பது உள்ளங்கை அகல இலை, ஓரம் வெட்டு வெட்டாக. குளிர்நாட்டு மரத்தைப் பார்த்து வரைந்தது. நம் மரத்தடியில் வேர் தடுக்காமல் நடக்க முடியாது. இதில் அடிமரம் வேரே இல்லாமல் தரையில் நிற்கிறது. அம்மா அப்பா முகத்தில் வெளிச்சம் இடது பக்கம் விழுகிறது, மரத்தில் வலது பக்கம். அப்பாவின் நிழல் மரத்தின் மேல் விழுந்து, துணி சுருங்கிய இடத்தில் கோணலாகிறது. நான் தனியாக முடிவுசெய்யவில்லை. பெயர் சொல்லாமல் ஆபீசில் இரண்டு பேரிடம் காட்டினேன். அவர்கள் பார்த்தவுடன் சொல்லிவிட்டார்கள்.

நீங்கள் கேட்கும் கடிதத்தை என்னால் எழுத முடியாது. வேலை போய்விடும் என்பதற்காக மட்டும் சொல்லவில்லை. எனக்குப் பயமாக இருக்கிறது அண்ணா.

உங்கள்
புனிதா


லாபிஸ்
5.5.2025

திருமதி புனிதவதி ஹேமநாதன் அவர்களுக்கு, லாபிஸ் சதாசிவம் எழுதிக்கொள்வது. தாங்களும் தங்கள் கணவரும் சௌக்கியமாக இருப்பீர்கள்.

பெற்றவர்களைத் துணிக்கு முன்னால் நின்றவர்கள் என்று கண்டுபிடித்ததற்கு நன்றி. இலையை எண்ணத் தெரிந்தவர்களுக்கு அந்த மரத்தடியில் யார் தாலி கட்டினார்கள் என்பது தெரியவில்லை. இலை மாறும். மரம் வளரும். படம் மங்கும். இவை மூன்றும் தங்கள் படிப்பில் வரவில்லை போலும்.

நான் சத்தியம் செய்தது உண்மையை நம்பி. பொய் என்கிறாய் நீ. அப்படியானால் என் பேரப்பிள்ளையை என்ன செய்யச் சொல்கிறாய்? அதையும் எழுதியிருக்கலாமே?

படத்தை அடுத்த காரில் திருப்பி அனுப்பவும்.

சதாசிவம்


லாபிஸ்
14.5.2025

புனிதாவுக்கு அண்ணி ராஜம்மா. இதை எழுதுவது உன் அண்ணனுக்குத் தெரியாது. டவுனுக்குக் காய்கறி வாங்க வந்த இடத்தில் போஸ்ட் ஆபீசில் உட்கார்ந்து எழுதுகிறேன். நாங்கள் நலம் என்று எழுதக் கை வரவில்லை.

ஷாமளாவுக்குப் பிரஷர் ஏறி, குளுவாங் ஆஸ்பத்திரியில் படுக்க வைத்திருக்கிறார்கள். கை, முகமெல்லாம் வீக்கம். டாக்டர் கவனமாகப் பார்த்துக்கொள்கிறார், பயப்பட வேண்டாம் என்கிறார். உன் அண்ணன் பயப்படாமல் இருப்பாரா? அன்று வார்டுக்குள் வந்தவர் கட்டிலுக்குத் தள்ளியே நின்றார். ஷாமளா, "ஏம்பா அங்கேயே நிக்கிறீங்க? கிட்ட வாங்க லா" என்றாள். விபூதியை என் கையில் கொடுத்துப் பூசச் சொல்லிவிட்டு வெளியே போய்விட்டார். பெற்ற மகளைத் தொட அவருக்குப் பயம் புனிதா. தன் கை பட்டால் ஏதாவது ஆகிவிடுமோ என்று நினைக்கிறார்.

வீட்டில் சோறு இறங்குவதில்லை. உன் கடிதத்தை எடுத்து எடுத்துப் படிக்கிறார். "அவ பொய் சொல்ல மாட்டா ராஜம்மா, அதான் எனக்குப் பயம்" என்று நேற்று சொன்னார். சத்தியம் செய்தது ஷாமளாவுக்கு இன்னும் தெரியாது. யார் வாயிலிருந்து விழுமோ என்று நான் போகிறவர் வருகிறவர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

உன்னிடம் நான் எதுவும் கேட்டதில்லை. இப்போது கேட்கிறேன். மரம்தான் என்று அவருக்கு எழுதிவிடேன். உன் படிப்பு ஒரே ஒரு தடவை கண்ணை மூடிக்கொள்ளட்டும். கோயில் போனால் போகட்டும், பிள்ளை நிலைக்க வேண்டும்.

படத்தை அவர் கேட்டாலும் இப்போது அனுப்பாதே.

அண்ணி


சிங்கப்பூர்
20.5.2025

அன்புள்ள அண்ணனுக்கும் அண்ணிக்கும், புனிதா எழுதுவது. ஷாமளா ஆஸ்பத்திரியில் இருப்பதாகக் கேள்விப்பட்டேன். யார் சொன்னார்கள் என்று கேட்காதீர்கள். அவள் நல்லபடியாகப் பெற்றெடுத்து வீட்டுக்கு வருவாள்.

இதை இரண்டு பேரும் சேர்ந்து படியுங்கள்.

படத்தைத் திருப்பி அனுப்பக் கட்டி வைத்திருந்தேன். மனசு கேட்காமல் மறுபடி பிரித்து, பின்பக்கம் பலமான விளக்கை வைத்துப் பார்த்தேன். இடது ஓரத்தில், கண்ணாடியில் வரைந்த ரோஜாக் கொடிக்குக் கீழே, செங்குத்தாக ஒரு நிழல் தெரிகிறது. தடித்த, கறுத்த நிழல். திரையை எதிலாவது கட்டித்தானே தொங்கவிட்டிருப்பார்கள்? தோட்டத்துக்கே வந்து படம் எடுத்தவர் என்றால், கட்ட மரம்தானே கிடைத்திருக்கும்? அது நம் கோயில் மரமாக இருந்தால், துணி துணிதான், ஆனால் அம்மா அப்பா நின்றது நம் மரத்தடியில்தான். உங்கள் சத்தியம் பொய்யாகாது. அதிகாரிக்கும் நான் தலை நிமிர்ந்து எழுதித் தருவேன்.

வேறு ஏதாவதாகவும் இருக்கலாம். இப்போது எனக்குத் தெரியாது.

அதைப் பார்க்க வேண்டுமென்றால் படத்தைக் கண்ணாடியிலிருந்து பிரிக்க வேண்டும். அதிகமாக ஒட்டியிருக்கிற இடம் அம்மாவின் முகம். இத்தனை வருஷம் வைத்த பொட்டும் சந்தனமும் விளிம்பு வழியாக ஈரத்தை உள்ளே இறக்கியிருக்கின்றன. எவ்வளவு மெதுவாக எடுத்தாலும் முகம் தாளைவிட்டு வந்துவிடலாம். பிரதி எடுத்து வைத்திருக்கிறேன், ஆனால் நீங்கள் விளக்கேற்றிக் கும்பிட்டது பிரதியை அல்ல. அம்மாவுக்கு வேறு படமும் கிடையாது.

நான் முடிவு செய்ய மாட்டேன். மூத்த பிள்ளை நீங்கள், நீங்கள் சொல்லுங்கள்.

புனிதா


லாபிஸ்
25.5.2025

புனிதா, அண்ணன் எழுதுகிறேன். ஷாமளா அப்படியே இருக்கிறாள். பிரஷர் இறங்குகிறது, ஏறுகிறது. உன் உடம்பைப் பார்த்துக்கொள்.

போன கடிதத்தில் உன்னைத் திருமதி என்று எழுதியதை மனதில் வைத்துக்கொள்ளாதே.

இரண்டு நாள் யோசித்தேன். அம்மா உயிரோடு இருந்து அவளிடமே கேட்டிருந்தால், "என் மூஞ்சிய வச்சு என்னடா செய்யப்போற? புள்ளயப் போய்ப் பாருடா" என்றுதான் திட்டியிருப்பாள். அப்பா வழக்கம்போல அவள் பக்கம்தான் பேசியிருப்பார்.

பிரித்துவிடு. அவசரப்படாதே, ஒரு டீ குடித்துவிட்டுச் செய். ஓரத்தில் என்ன இருந்தாலும் எனக்குத் தெரிய வேண்டும்.

அண்ணன்


சிங்கப்பூர்
3.6.2025

அன்புள்ள அண்ணிக்கு, புனிதா. இந்தக் கட்டு உங்கள் கையில் மட்டும் கொடுக்கச் சொல்லி வேலுவிடம் கொடுத்திருக்கிறேன். ஷாமளா எப்படி இருக்கிறாள்? அண்ணன் சாப்பிடுகிறாரா?

நேற்றுப் படத்தைப் பிரித்தேன். காலையில் ஆரம்பித்து மாலைவரை ஆனது. அப்பா தாளில் முழுதாக வந்துவிட்டார், அவர் மீசைகூட அப்படியே இருக்கிறது. அம்மாவின் சேலையும் மாலையும் வந்தன. முகம் வரவில்லை அண்ணி. கண்ணாடியோடு நின்றுவிட்டது. என்னென்னவோ செய்து பார்த்தேன். பிறகு ஆபீஸ் கழிப்பறையில் போய் அழுதேன்.

இடது ஓரத்தில் இருப்பது மரம் இல்லை. சன்னல் சட்டம். சன்னலுக்கு வெளியே கடைத்தெருவின் ஐந்தடி நடைபாதை, எதிர்க் கடையின் பலகைக் கதவு. உள்ளே சுவரோரம் ஒரு விளக்குத் தாங்கி. டவுனில் யாரோ ஒருவருடைய ஸ்டூடியோ. கல்யாணம் மரத்தடியில்தான் நடந்திருக்கும், அதை நான் சந்தேகப்படவில்லை. ஆனால் படம் எடுக்க இருவரும் டவுனுக்குப் போயிருக்கிறார்கள். கல்யாண மாலையைப் பத்திரமாகக் கொண்டுபோய்ப் போட்டுக்கொண்டு நின்றிருக்கிறார்கள். வேறொரு சமயமாக இருந்தால் இதை நினைத்து நாம் சிரித்திருப்போம்.

அதிகாரிக்கு நான் எதுவும் எழுதப்போவதில்லை. அது முடிந்த விஷயம். அண்ணனுக்கு என்ன சொல்வது என்பதில்தான் என் புத்தி வேலை செய்யவில்லை. இதில் அவருக்கு இரண்டு கடிதங்கள் வைத்திருக்கிறேன். பழுப்பு உறையில் மேலே எழுதிய உண்மை இருக்கிறது. வெள்ளை உறையில், திரையைக் கட்டியிருந்தது நம் கோயில் மரத்தில்தான், ஆனால் பிரிக்கும்போது அந்த ஓரம் சிதைந்துவிட்டதால் அதிகாரியிடம் காட்ட முடியாது என்று எழுதியிருக்கிறேன். ஒரு தடவை கண்ணை மூடிக்கொள்ளச் சொன்னீர்கள். மூடிக்கொண்டு எழுதினேன்.

பக்கத்தில் இருந்து பார்ப்பவர் நீங்கள். அவருக்கு எது தாங்கும் என்று உங்களுக்குத்தான் தெரியும். ஒன்றைக் கொடுத்துவிட்டு மற்றதைக் கிழித்துப் போட்டுவிடுங்கள்.

உங்கள் புனிதா


லாபிஸ்
21.6.2025

அன்புத் தங்கை புனிதாவுக்கு அண்ணன் சதாசிவம் எழுதுவது. முதலில் நல்ல செய்தி. ஷாமளாவுக்குப் பெண் குழந்தை. அறுத்துத்தான் எடுத்தார்கள். தாயும் பிள்ளையும் சுகம். எடை கொஞ்சம் குறைவு, ஆனால் அழுகை என் காதுக்கே கேட்கிறது என்றால் பார்த்துக்கொள். உனக்கு அன்றே போன் போட்டுச் சொன்னார்களாம். மற்றதைப் போனில் பேச முடியாது என்பதால் இதை எழுதுகிறேன்.

உன் கட்டு வந்த அன்று அண்ணி அதைச் சமையலறையில் வைத்துக்கொண்டு வெளியே வரவே இல்லை. அடுப்பில் குழம்பு தீய்ந்து வாசனை கூடத்துக்கு வந்துவிட்டது. போய்ப் பார்த்தேன். மேசைமேல் இரண்டு உறைகள். இரண்டிலும் உன் கையெழுத்து, இரண்டும் என் பெயருக்கு. என்னைப் பார்த்ததும் அழுதாள். "ஒன்னக் குடுத்துட்டு ஒன்னக் கிழிச்சுப் போடச் சொல்லிருக்கு. என்னால முடியலங்க. நீங்களே எடுத்துக்குங்க" என்றாள்.

நான் எதையும் எடுக்கவில்லை. சட்டையை மாட்டிக்கொண்டு கோயிலுக்குப் போனேன். கற்பூரம் ஏற்றினேன். "தாயே, என் மக மேல போட்டத என் மேல வாங்கிக்கிறேன். எனக்கு என்ன செய்யணுமோ செய்யி. அந்தப் புள்ளைங்களத் தொடாத" என்று சொல்லி அடித்து அணைத்தேன். முன்னே அடித்தது கோபத்தில், கை சுட்டதே தெரியவில்லை. இந்தத் தடவை நன்றாகச் சுட்டது. அங்கிருந்து நேரே பஸ் பிடித்து ஆஸ்பத்திரிக்குப் போய் ஷாமளாவின் தலையில் கை வைத்தேன். "என்னாப்பா, கை இப்படிச் செவந்திருக்கு?" என்றாள். சட்டி சுட்டுவிட்டது என்றேன்.

பன்னிரண்டாம் தேதி விசாரணையில் எழுந்து, எங்கள் படத்தில் இருப்பது துணியில் வரைந்த மரம், அதை அத்தாட்சியாகக் கொடுக்க முடியாது என்று சொல்லிவிட்டேன். நம் ஆட்களே திட்டினார்கள். மனோகரன் திட்டவில்லை. வெளியே வந்து, "எதுக்குண்ணே சொன்னீங்க? நான் ஒன்னும் கேக்கலியே" என்றான். அம்மனை ரோட்டோரத்துக்குக் கொண்டுபோகிறோம். ஆடி முடிந்ததும் மரத்தை வெட்டுகிறார்கள். வயிறு எரிகிறது, இல்லை என்று சொல்ல மாட்டேன். இப்போதெல்லாம் நான் இருமினால்கூட உன் அண்ணி ஓடி வந்து நெற்றியைத் தொட்டுப் பார்க்கிறாள். வந்தால் வரட்டும், எனக்கு வரட்டும்.

உன் உறைகள் இரண்டும் இன்னும் பிரிக்காமல்தான் இருக்கின்றன. பிரித்துப் படிக்காமலே போய் அப்படிச் சத்தியத்தை மாற்றிக்கொண்டீர்களே, எப்படித் தெரிந்தது என்று உன் அண்ணி இன்றும் கேட்கிறாள். அவளுக்கு உன்னைத் தெரிந்தது அவ்வளவுதான். ஓரத்தில் மரம் இருந்திருந்தால் நீ ஒரு கடிதம்தான் எழுதியிருப்பாய்.

உன் அண்ணன்,
சதாசிவம்